வீட்டுக் கம்ப்யூட்டரும் நம்ம பொறுப்புதான்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்னைக்குக் கம்ப்யூட்டரைப் பத்திப் பேசப் போறோம்னு சொன்னதும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சாங்க. "நமக்கு எதுக்குங்க அது, பிள்ளைங்க சமாச்சாரம்" என்று ஒரு அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது. சரி, யார் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்குன்னு கை தூக்கச் சொன்னேன். பாதிக் கைக்கு மேலே எழுந்தது. 2011-க்குப் பிறகு அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள் அல்லவா, அதில் வந்ததுதான் நிறைய. சிலர் மகளின் காலேஜுக்காகத் தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். சிலர் வீட்டில் யாரோ கொடுத்த பழைய மேஜைக் கம்ப்யூட்டர்.

பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். பெட்டி இங்கேயே இருக்கிறது. தங்கச்சி அதில் படிக்கிறாள். குழுவின் வரவு செலவை அதிலேதான் போட்டு வைக்கிறோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கல்யாணப் படம், இறந்துபோன மாமியாரின் படம் எல்லாம் அதுக்குள்ளே இருக்கு. அப்புறம் அது எப்படிப் பிள்ளைங்க சமாச்சாரம் ஆகும்? பீரோவில் நகை வைத்தால் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்கிறோம். இதைப் பத்தி மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெட்டி கெட்டால் ரிப்பேர் பண்ணலாம், முடியாவிட்டால் வேறு வாங்கலாம். உள்ளே இருப்பது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்னைக்கு நான் சொல்லப் போற எல்லாமே உள்ளே இருப்பதைக் காப்பாத்தறதுக்குத்தான்.

முதலில் வெளியே இருக்கிற சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது. லேப்டாப்பின் அடியிலும் ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், காத்துப் போறதுக்கு. மெத்தை மேலே, தலையணை மேலே வைத்தால் அந்த ஓட்டை அடைபட்டுப் போகும். ஒரு பலகை மேலே வையுங்க. தூசியை அணைத்து வைத்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்க. திரையைப் பழைய வேட்டித் துணி மாதிரி மெத்தென்ற காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி துடைக்கிற மருந்தைத் திரையில் அடிக்காதீங்க. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூணு முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டு ரெண்டு ஓட்டையில் சொருகுகிற பழக்கம் நம்ம ஊரில் நிறைய. அந்தப் பெரிய முள்தான் எர்த். மேஜைக் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைத் தொட்டால் 'சுர்'ருன்னு இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடணும், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது.

யு.பி.எஸ். பத்தியும் ஒரு வார்த்தை. கரண்ட் போனதும் அது ஒரு பத்து பதினைந்து நிமிஷம் கொடுக்கும். அது எழுதியதைச் சேமித்து, முறையாக அணைக்கிறதுக்கான நேரம். அந்த நேரத்தில் சீரியல் பார்க்கக் கூடாது! ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைந்தால் ஃபைல் கெட்டுப்போகும், சில சமயம் டிஸ்க்கே கெட்டுப்போகும். லேப்டாப்பில் ஒன்று கவனிக்கணும்: கீழ்ப்பக்கமோ விரல் தேய்க்கிற இடமோ உப்பிக்கொண்டு வந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீங்க, அழுத்தி மூடாதீங்க, குத்திப் பார்க்காதீங்க. தீப்பிடிக்கக் கூடியது. அப்படியே கடைக்குக் கொண்டு போங்க.

இனி உள்ளே. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன். ஊக்குநரின் மகள் குழுவின் மூணு வருஷக் கணக்கையும் எக்செல்லில் அழகாகப் போட்டு வைத்திருந்தாள். கடன் விண்ணப்பத்துக்குப் பிரிண்ட் எடுக்க பென் டிரைவை டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாங்கினார்கள். வீட்டில் வந்து போட்டால் ஃபோல்டர் எல்லாம் இருக்கு, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன அம்புக்குறி. திறந்தால் திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். அதோடு வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் தொத்திக்கொண்டது. தெரிந்த பையன் ஒருவன் வந்து, "எல்லாம் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லிப் பண்ணியும் விட்டான். மூணு வருஷக் கணக்கு போனது அப்போதுதான், வைரஸ் வந்தபோது அல்ல.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும். அந்த வகை வைரஸ் ஃபைலை அழிப்பதில்லை. நம்ம ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பேரில் ஒரு போலி ஃபோல்டரை, ஷார்ட்கட் என்பார்கள், முன்னாடி வைக்கிறது. நாம் அதை அழுத்தும்போது வைரஸ்தான் ஓடும். அசல் பின்னாலேயே இருக்கும். எப்படித் தெரிந்துகொள்வது? பென் டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கு என்று பாருங்க. ஃபைல் தெரியாமல், இடம் மட்டும் நிரம்பியிருந்தால் அசல் உள்ளேதான் இருக்கிறது. முதலில் வைரஸ் ஸ்கேன் பண்ணணும். பிறகு மறைந்திருப்பதை வெளியே கொண்டுவர 'ஆட்ரிப்' என்று ஒரு கட்டளை உண்டு, தெரிந்தவர் ரெண்டு நிமிஷத்தில் செய்துவிடுவார். அதனால் யார் ஃபார்மட் என்று சொன்னாலும், "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்காமல் கையைக் கொடுக்காதீங்க.

கடைக்குக் கொண்டு போகத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்க. அதில் பிரிண்ட் எடுக்கிற ஃபைல் மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்ததும், திறக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேன். இப்போ நிறைய பேர் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுகிறீர்கள். அதில் வைரஸ் தொல்லை குறைவு, ஆனால் உங்க ஆதார் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொள்கிறது. பிரிண்ட் எடுத்ததும் அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாங்க. கூச்சப்பட ஒன்றுமில்லை. கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரையும் ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், முழு எண் தேவைப்படாத இடத்தில் அதைக் கொடுங்க.

ஸ்கேன் பண்ணத் தனியாகப் பணம் கொடுக்கணுமா என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்று ஒன்று கூடவே வருகிறது, இலவசம். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. ஒன்றுக்கு ரெண்டாக வைரஸ் மருந்து போட்டால் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டு மெஷின் நத்தையாகிவிடும். சில கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்கு "ஃபுல் சாஃப்ட்வேர்" போட்டுத் தருவார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரைப் பூட்டு உடைத்துப் போடுவது அது. அதைப் போடுவதற்காக டிஃபெண்டரை அணைத்துவிடுவார்கள், திரும்பப் போட மறந்தும்விடுவார்கள். பூட்டு உடைத்த சாஃப்ட்வேருக்குள்ளேயே திருடனும் வரலாம். கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் லிப்ரே ஆஃபீஸ் என்று முறையாகவே இலவசமாகக் கிடைக்கிறது. நம்ம வேலைக்கு அது தாராளம்.

அடுத்தது அப்டேட். "டேட்டா தின்னுது, ரொம்ப நேரம் சுத்துது" என்று நிறைய பேர் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் பூராவும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் ஃபைலை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் கம்பெனி அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. அதைப் போட்டிருந்த கம்ப்யூட்டருக்கு அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசியை ஒழுங்காகப் போடுகிற நாம் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டேட்டாவுக்கு ஒரு வழி சொல்றேன். நம்ம போனில் தினமும் இவ்வளவு என்று கிடைக்கிற டேட்டா ராத்திரி 12 மணிக்கு எப்படியும் காலாவதியாகும். சாப்பிட்டு முடித்து மீதி இருப்பதைப் பார்த்து, ஹாட்ஸ்பாட் போட்டு, வாரத்தில் ஒருநாள் அப்டேட்டுக்குக் கொடுத்துவிடுங்க.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அப்டேட் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டால் மேலும் ஒரு வருஷம் தருவதாக அப்போது அறிவித்தார்கள். அப்டேட் நின்றாலும் மெஷின் ஓடும், அதுதான் ஏமாத்து. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம் வேணும், பாதுகாப்புச் சில்லு ஒன்றும் வேணும். ஆரம்பத்தில் கொடுத்த மடிக்கணினி எதிலும் அது ஏறாது. அதுக்காகத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் என்று இலவசமாக ஒன்று உண்டு, பழைய மெஷினிலும் ஓடுகிற வகைகள் அதில் இருக்கின்றன. ஆரம்ப வருஷங்களில் தந்த மடிக்கணினியில் விண்டோஸோடு 'பாஸ்' என்று ஒரு லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் இருக்கிற சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் செய்தது அது. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். லினக்ஸ் போட முடியாவிட்டால், அந்தப் பழைய மெஷினை இணையத்தோடு சேர்க்காமல் கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்க. வங்கி வேலை அதில் வேண்டவே வேண்டாம்.

பாஸ்வேர்டு. குழு பேரும் 123-ம் போட்டால் அது பாஸ்வேர்டு இல்லை, விலாசம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லை எடுத்துக்கொள்ளுங்க. அம்மி, எருமை, பங்குனி, துடைப்பம் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. (இதையே எல்லாரும் போட்டுவிடாதீங்க!) நோட்டில் எழுதக் கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், எழுதி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பதில் தப்பில்லை. திரை ஓரத்தில் ஒட்டி வைப்பதுதான் தப்பு. பிள்ளைகள் விளையாடத் தனி யூசர் கணக்கு போட்டுக் கொடுங்க, புதுசாக எதையும் ஏற்ற உங்க பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி. இலவச விளையாட்டு என்று எதையோ இறக்கி வைப்பதில் பாதி நின்றுவிடும்.

இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வரும். "உங்க கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று சைரன் மாதிரி சத்தமும் போடும். பயந்து கூப்பிட்டால், இனிமையாகப் பேசி, தூரத்திலிருந்தே உங்க கம்ப்யூட்டரை இயக்குகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போடச் சொல்வான். போட்டீங்கன்னா சாவிக்கொத்தையே கொடுத்தாச்சு. மைக்ரோசாஃப்டோ வேறு கம்பெனியோ அப்படி நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்வதில்லை. ஆல்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு எஃப்4 அழுத்துங்க. போகவில்லையா, பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிங்க. மெஷின் திடீரென்று அணைவது கெடுதல் என்று சொன்னேன்தான், ஆனால் இது அதைவிடக் கெடுதல். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

இப்போ சொல்லப் போறது பொண்ணுங்க இருக்கிற வீட்டுக்கு முக்கியம். ரிப்பேருக்குக் கொடுக்கிறோம். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கொடுத்த மெஷினில் படம் எல்லாம் அப்படியே இருக்கும். எல்லாக் கடைக்காரரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் அண்டாவை ஈயம் பூசக் கொடுக்கும்போது உள்ளே அரிசியை வைத்தா கொடுக்கிறோம்? படத்தையும் சான்றிதழையும் வேறு டிஸ்க்கில் எடுத்துவிட்டு, மெஷினில் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிட்டுக் கொடுங்க. மெஷின் திறக்கவே இல்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம், நிறைய ரிப்பேருக்கு அது தேவைப்படாது. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. அப்படியும் யாராவது படத்தை வைத்து ஒரு பொண்ணை மிரட்டினால், முதலில் அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. வீட்டில் திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் அவள் பணம் கொடுக்கிறாள், சொன்ன இடத்துக்குப் போகிறாள். மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930, அல்லது பெண்கள் உதவி எண் 181. நான் சொன்ன அந்த இணையதளத்தில் பெண்கள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலும் கொடுக்க வழி இருக்கிறது.

கடைசியாக, நகல். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. ஓடு பறந்த வீடுகளில் பீரோவுக்குள் இருந்த சான்றிதழ்களும் நனைந்து போனது. கம்ப்யூட்டரும் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கும். அதனால் நகலை அதே வீட்டில் வைப்பது அரை நகல். குழுக் கணக்கின் ஒரு பிரதி ஊக்குநர் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதிநிதி வீட்டில். மாதக் கூட்டம் முடிந்து கையெழுத்து வாங்கிய அன்னைக்கே நகல் எடுத்துவிடுங்க, நாளைக்கு என்றால் நடக்காது. எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்கணும். சொருகியே வைத்தால் வானாக்ரை மாதிரி ஒன்று வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பென் டிரைவை வருஷக்கணக்கில் நம்பி வைக்காதீங்க, ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஃபைல் திறக்கிறதா என்று பாருங்க. அரசுச் சான்றிதழ்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் காகிதத்திலேயே இருக்கட்டும், கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அதை நிறுத்த வேண்டாம்.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்க.

(ஒரு உறுப்பினர்: "எங்க வீட்டு லேப்டாப் ஆன் ஆகவே காபி போட்டு வந்துரலாம். புதுசுதான் வாங்கணுமா?")

வாங்க வேண்டாம் அக்கா, முதலில் பாருங்க. டிஸ்க் நிரம்பியிருக்கா, ஆன் பண்ணும்போதே பத்து சாஃப்ட்வேர் தானாகத் திறக்குதா, ஃபேனில் தூசி அடைச்சிருக்கா. இது எதுவும் இல்லையென்றால் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்க, அதே மெஷின் ஓடும். ஆனால் உள்ளே 'டக் டக்'னு சத்தம் கேட்குதா? கேட்டால் வேறு எந்த வேலையும் பார்க்காதீங்க. இன்னைக்கே நகல் எடுங்க. அது சாகப் போற டிஸ்க்.

(இன்னொரு உறுப்பினர்: "மேஜைக் கம்ப்யூட்டர் ஒண்ணு கெட்டுக் கிடக்குது. பழைய இரும்புக்காரர் கேக்குறாரு, போடலாமா?")

போடலாம்மா. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போடுங்க. நாலு திருகாணிதான். அழித்த ஃபைலையும், ஃபார்மட் பண்ணிய டிஸ்க்கில் இருந்ததையும்கூட எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் நல்லா இருந்தால் உறை வாங்கிப் போட்டு நகல் எடுக்கவே வைத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, உயிர் இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்.